ராத்திரி பன்னிரண்டரைக்குப் பார்க்கிற வாலிபால்: ஐரோப்பிய சாம்பியன்ஷிப் கேள்வி பதில்

ஆண்கள் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முழங்கால் போகும்வரை நான் செட்டராக, அதாவது அடிக்கிறவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவனாக, ஆடியவன். அதனால் எந்த மேட்ச்சைப் பற்றிப் பேசினாலும் பேச்சு செட்டரில் போய்த்தான் நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், இந்தப் போட்டி எப்போது தொடங்கியது? உலக சாம்பியன்ஷிப் வந்த பிறகா?

இல்லை, அதற்கு ஒரு வருடம் முன்பே. முதல் ஐரோப்பியப் போட்டி 1948-ல் ரோமில் நடந்தது. முதல் உலகப் போட்டி 1949-ல் பிராக் நகரில். ஒலிம்பிக்கில் வாலிபால் நுழைந்ததே 1964-ல்தான். ரோமுக்கு வந்தவை ஆறே அணிகள். செக்கோஸ்லோவாக்கியா முதலிடம், பிரான்ஸ் இரண்டாமிடம், இத்தாலி மூன்றாமிடம். ஆரம்பத்தில் மூன்று வருடம், நான்கு வருடம் என்று இஷ்டத்துக்கு இடைவெளி விட்டு நடத்தினார்கள். 1975-க்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று ஒழுங்குக்கு வந்தது. 2023 வரை 33 போட்டிகள். அதற்கு அடுத்தது 2025 அல்ல, 2026. இரட்டைப்படை வருடங்களுக்கு மாற்றிவிட்டார்கள். இத்தாலி, பல்கேரியா, பின்லாந்து, ருமேனியா நான்கும் சேர்ந்து நடத்துகின்றன.

அதிகம் ஜெயித்தது யார் அண்ணா? இத்தாலிதானே?

இத்தாலி ஏழு முறை. சோவியத் யூனியன் பன்னிரண்டு முறை. அந்த நாடே இல்லாமல் போய் இத்தனை வருடமாகியும் அந்தக் கணக்கை யாரும் நெருங்கவில்லை. 1967-லிருந்து 1987 வரை நடந்த ஒன்பது போட்டிகளையும் தொடர்ந்து அவர்களே தட்டிச் சென்றார்கள்.

இதில் பாவம் போலந்துதான். 1974-ல் உலக சாம்பியன். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் அதே சோவியத் அணியை 3-2 என்று வீழ்த்தித் தங்கம். ஆனால் ஐரோப்பாவில் 1975, 77, 79, 81, 83 என்று ஐந்து முறையும் வெள்ளி, ஐந்து முறையும் தங்கம் சோவியத்துக்கு. போலந்து முதல்முறை ஐரோப்பிய சாம்பியன் ஆனது 2009-ல், துருக்கியில்.

சோவியத் உடைந்தபின் ரஷ்யா என்ற பெயரில் முதல் தங்கம் கிடைக்க 2013 ஆகிவிட்டது. அதற்கு முந்தைய வருடமே லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிவிட்டார்கள். ஐரோப்பியத் தங்கம் சில நேரம் ஒலிம்பிக்கை விடக் கடினம் என்று நான் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். இந்த இரண்டு கதைகளைத்தான் அவர்களுக்குப் பதிலாகச் சொல்வேன்.

இத்தாலி திடீரென்று எப்படி எழுந்தது?

ஹூலியோ வெலாஸ்கோ. அர்ஜென்டினாக்காரர். 1989-ல் அணியைக் கையில் எடுத்தார், அதே வருடம் ஸ்வீடனில் ஐரோப்பிய சாம்பியன். இறுதியில் தோற்றது போட்டியை நடத்திய ஸ்வீடனேதான். அப்புறம் 1993, 1995-லும் அவர் காலத்தில் தங்கம். நடுவே 1990, 1994 உலகப் பட்டங்கள். கிடைக்காமல் போனது ஒலிம்பிக் மட்டும்தான். 1996-ல் அட்லாண்டாவில் நெதர்லாந்திடம் ஐந்தாவது செட் 17-15. அந்த நெதர்லாந்து அடுத்த வருடம் தன் மண்ணிலேயே ஐரோப்பியத் தங்கமும் வாங்கியது. வெலாஸ்கோவுக்கு ஒலிம்பிக் தங்கம் 2024-ல் கிடைத்தது, இத்தாலியப் பெண்கள் அணியோடு. இருபத்தெட்டு வருடக் காத்திருப்பு.

2007-ல் ஸ்பெயின் ஜெயித்தது குருட்டு அதிர்ஷ்டம்தானே?

அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாஸ்கோவில், ரஷ்யக் கூட்டத்துக்கு நடுவே, ரஷ்யாவை இறுதியில் 3-2 என்று வீழ்த்தியது அந்த அணி. ஐந்து செட் ஆட்டத்தை அதிர்ஷ்டத்தில் தள்ள முடியாது. பயிற்சியாளர் ஆந்த்ரேயா அனஸ்தாசி, இத்தாலியர். 1989-ல் ஜெயித்த இத்தாலிய அணியில் ஆடியவர், 1999-ல் அதே இத்தாலிக்குப் பயிற்சியாளராகத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். ஸ்பெயினுக்கு அதன்பின் ஒரு பதக்கமும் இல்லை என்பது உண்மைதான். அதனால் 2007 பொய்யாகிவிடாது.

சொந்த ஊரில் ஆடுகிற அணிக்குத்தானே சாதகம்? நம்ம ஊர் டோர்னமென்ட்டில் எல்லாம் அப்படித்தான்.

நம்ம ஊரில் நடுவர் யாருடைய மாமா என்பதையும் பார்க்க வேண்டும், அது வேறு கணக்கு. ஐரோப்பாவில் சொந்த மண் சில நேரம் பாரம். 2005-ல் ரோமில் இத்தாலி ரஷ்யாவை 3-2 என்று வென்றது போன்ற சந்தோஷங்கள் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்தவை மறுபக்கத்துக் கதைகள்.

2017, ஆகஸ்ட். வார்சாவின் தேசிய ஸ்டேடியம். கால்பந்து மைதானம் அது. நடுவில் 18 மீட்டருக்கு 9 மீட்டர் வாலிபால் கோர்ட்டைப் போட்டார்கள். மேல்வரிசையில் உட்கார்ந்தால் அந்தக் கோர்ட் மேஜையில் வைத்த தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரிந்திருக்கும். வந்தவர்கள் 65,000 பேருக்கு மேல். போலந்து உலக சாம்பியன். எதிரே செர்பியா. பாட்டு, கொடி, ஆரவாரம் எல்லாம் முடிந்து பார்த்தால் போலந்து 0-3. அதோடும் நிற்கவில்லை, காலிறுதிக்கு முன்பே ஸ்லோவேனியாவிடம் இன்னொரு 0-3 வாங்கி வெளியேறியது. பயிற்சியாளர் ஃபெர்டினாண்டோ தெ ஜியோர்ஜியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இனிதான் கதை. தெ ஜியோர்ஜி 2021-ல் இத்தாலியின் பயிற்சியாளர் ஆனார். டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியில் தோற்றுத் திரும்பிய அணி அது. பெரிய பெயர்கள் பலரை விட்டுவிட்டு 19 வயது அலெசாண்ட்ரோ மிக்கியெலெத்தோ மாதிரிப் பிள்ளைகளை வைத்து ஆடினார். அந்த வருட ஐரோப்பிய இறுதி ஆட்டம் எங்கே? போலந்தில், காட்டோவிட்சேயில். தங்கம் இத்தாலிக்கு. அடுத்த வருடம் உலக சாம்பியன்ஷிப் இறுதி, அதே ஊர், அதே அரங்கம், எதிரே போலந்தே. அதையும் இத்தாலி வென்றது. தன்னை அனுப்பிவைத்த நாட்டுக்கே திரும்பி வந்து இரண்டு தங்கம்!

போலந்து சும்மா இருக்குமா? 2023 ஐரோப்பிய இறுதி ரோமில். இத்தாலியின் வீட்டுக்கே போய் 3-0. மொய்யைத் திருப்பி வைத்த மாதிரி. அந்தப் போலந்தின் பயிற்சியாளர் செர்பியாவின் நிகோலா கிர்பிச், 2001-ல் யூகோஸ்லாவியாவுக்காக இதே பட்டத்தை வென்றவர். அவரும் செட்டர், தெ ஜியோர்ஜியும் செட்டர். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்லோவேனியா எவ்வளவு பெரிய நாடு? எப்போதும் இறுதிக்கு வந்து தோற்கிறதே?

மொத்த ஜனத்தொகையே சுமார் 20 லட்சம். 2015, 2019, 2021 மூன்று முறையும் வெள்ளி. பிரான்ஸ், செர்பியா, இத்தாலி என்று வரிசையாகத் தோல்வி. 2023-ல் பிரான்ஸைத் தோற்கடித்து வெண்கலம். கேப்டன் தினே உர்னாவுத், செட்டர் தேயன் வின்சிச் எல்லாம் வருடக்கணக்காகச் சேர்ந்தே ஆடியவர்கள். ஒருவர் கண்ணசைத்தால் இன்னொருவருக்குப் புரியும்.

இவர்கள்தான் போலந்துக்குச் சனி. 2015, 2017, 2019, 2021 நான்கு ஐரோப்பியப் போட்டிகளிலும் போலந்தை வெளியேற்றியது ஸ்லோவேனியாதான். 2023 அரையிறுதியில்தான் போலந்து அந்தப் பீடையைக் கழித்தது.

வேறு கலர் சட்டை போட்டுக்கொண்டு ஒருவர் உள்ளே வெளியே போய்க்கொண்டே இருக்கிறாரே, அவர் யார்? (என் மனைவி கேட்கிறாள்)

வீட்டில் சேர்ந்து பார்க்கிறீர்களா, கொடுத்துவைத்தவர். அவர் லிபரோ. பின்வரிசையில் பந்து எடுக்க மட்டுமே இருப்பவர். சர்வதேச ஆட்டத்தில் அவர் சர்வீஸ் போடக் கூடாது, பிளாக் போடக் கூடாது (எதிரணி அடிக்கும் பந்தை வலையருகே குதித்துத் தடுப்பதுதான் பிளாக்), வலைக்கு மேல் இருக்கும் பந்தை அடித்து அனுப்பக் கூடாது.

உள்ளே வெளியே ஏன் என்றால், சர்வீஸ் கைக்கு வரும்போதெல்லாம் ஆறு பேரும் ஓர் இடம் சுற்ற வேண்டும். நடுவில் நின்று பிளாக் போடும் இரண்டு மீட்டர் உயரக்காரரும் சுற்றிச் சுற்றிப் பின்வரிசைக்கு வந்துவிடுவார். குனிந்து பந்து எடுப்பது அவருக்கு அவ்வளவாக வராது. அவர் தன் சர்வீஸைப் போட்டு முடித்ததும் லிபரோ உள்ளே, அவர் வெளியே. மறுபடி முன்வரிசைக்குப் போகும்போது லிபரோ வெளியே. இது மாற்று ஆட்டக்காரர் கணக்கில் சேராது. 2015-ல் பிரான்ஸ் ஜெயித்தபோது ஆடிய ஜென்யா கிரெபென்னிக்கோவ் ஒருவரை மட்டும் இரண்டு செட் பார்க்கச் சொல்லுங்கள். பந்து விழப்போகும் இடத்துக்கு முன்னாடியே போய் உட்கார்ந்திருப்பார்.

சர்வீஸையே ஏன் இவ்வளவு தவறவிடுகிறார்கள்? எங்கள் கோச்சாக இருந்தால் வெளியே உட்காரவைத்துவிடுவார்.

என் கோச்சும்தான். ஆனால் அங்கே கணக்கு வேறு. சும்மா தூக்கிப் போட்டால் எதிரணி பந்தைச் செட்டர் தலைக்கு மேல் அழகாகக் கொண்டுபோய் வைக்கும். செட்டருக்கு நாலு வழி திறந்துவிடும், பிளாக் போடுபவர்கள் திண்டாடுவார்கள். வில்ஃபிரெடோ லியோன் மாதிரி ஆட்கள் மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் அடிக்கிறார்கள். அந்த வேகத்தில் எடுப்பவர் கைக்குப் பந்து வர அரை விநாடிகூட ஆகாது. எடுத்தாலும் செட்டர் வலையை விட்டு நாலு மீட்டர் ஓடிவந்துதான் தூக்க வேண்டும். அப்போது பந்து எந்தப் பக்கம் போகும் என்பது எனக்கே சோபாவிலிருந்து தெரிந்துவிடும். அதனால் ஒன்றிரண்டு வெளியே போனாலும் பரவாயில்லை என்று அடிக்கிறார்கள்.

லியோன் கியூபாக்காரர் இல்லையா? போலந்துக்கு எப்படி ஆடுகிறார்?

கியூபாவில் பிறந்து அந்த நாட்டுக்கே ஆடியவர்தான். 2015-ல் போலந்துக் குடியுரிமை கிடைத்தது, காத்திருப்புக் காலம் முடிந்து 2019-ல் போலந்துக்கு இறங்கினார். 2023-ல் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் அவரே.

இவான் சைத்செவ் கதை இன்னும் சுவை. அப்பா வியாச்செஸ்லாவ் சைத்செவ், சோவியத் அணியின் செட்டர் (ஆமாம், மறுபடியும்). இத்தாலியில் ஆடப் போன இடத்தில் பையன் ஸ்போலெத்தோவில் பிறந்தான். வளர்ந்து இத்தாலிக்காக ஆடினான், செட்டராக இல்லை, அடிக்கிறவனாக.

அண்ணா, யாழ்ப்பாணத்திலிருந்து. நாங்கள் கரப்பந்து என்றுதான் சொல்லுறது. 3-2 என்று வென்றால் ஏன் இரண்டு புள்ளி மட்டும்?

வாங்க தம்பி. உங்கள் நாட்டின் தேசிய விளையாட்டே அதுதானே. 3-0, 3-1 என்று வென்றால் முழுதாக மூன்று புள்ளி. ஐந்து செட் போனால் வென்றவருக்கு இரண்டு, தோற்றவருக்கு ஒன்று. 24 அணிகள், ஆறு ஆறாக நான்கு பிரிவு, ஒவ்வொன்றிலும் நான்கு அணிகள் அடுத்த சுற்றுக்கு என்கிற அமைப்பு 2019-ல் வந்தது. அதில் தோல்வியில் கிடைக்கும் அந்த ஒரு புள்ளிகூட உங்களை மேலே ஏற்றும்.

ரஷ்யாவைக் காணோமே? இஸ்ரேல் எப்படி வந்தது?

உக்ரைன் போரால் 2022-லிருந்து ரஷ்யாவும் பெலாரஸும் விலக்கப்பட்டன. இஸ்ரேல் ஐரோப்பிய வாலிபால் கூட்டமைப்பின் உறுப்பினர். 2023-ல் ஒரு பிரிவு அங்கேதான் நடந்தது.

இந்தியர் யாராவது அந்தப் பக்கம் ஆடியிருக்கிறார்களா?

இது ஐரோப்பிய நாட்டு அணிகளுக்கான போட்டி, நமக்கு இடமில்லை. ஆனால் இத்தாலியக் கிளப்புகளில் ஆடிப் பெயர் வாங்கியவர் ஜிம்மி ஜார்ஜ். கண்ணூர் மாவட்டம் பேராவூர்க்காரர். 1987 நவம்பரில் இத்தாலியிலேயே கார் விபத்தில் இறந்துபோனார். இத்தாலி தங்கம் எடுக்கத் தொடங்கியது அதற்கு இரண்டு வருடம் கழித்து.

இதுவரை பார்த்ததே இல்லை. ஒரே ஒரு மேட்ச் பார்ப்பதென்றால்?

2021 இறுதி, இத்தாலி - ஸ்லோவேனியா. அங்கே ராத்திரி ஒன்பதுக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குப் பன்னிரண்டரை. பதிவைப் பகலிலேயே பார்க்கலாம், தூக்கம் கெடாது. மூன்றாவது செட் முடியும்போது ஸ்லோவேனியா 2-1 என்று முன்னால் இருக்கும். முடிவை ஏற்கெனவே மேலே உளறிவிட்டேன், மன்னியுங்கள். அதனால் நஷ்டமில்லை. பந்தை விட்டுவிட்டு இத்தாலியின் செட்டர் சிமோனே ஜனெல்லியின் தோள்களை மட்டும் பாருங்கள். முன்பக்கம் தூக்குவதற்கும் முதுகுக்குப் பின்னால் தூக்குவதற்கும் அவர் உடம்பில் ஒரு வித்தியாசமும் இருக்காது. வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் எந்த நொடியில் தப்பான திசையில் கால் வைக்கிறார் என்று கவனியுங்கள். ஐந்தாவது செட் வருவதற்குள் பிடிபட்டுவிடும்.