போன் கிடக்கட்டும் தம்பி, முதலில் ஐ-94 பாருங்கள்

தம்பி, திருச்சியிலிருந்து ஆறு கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். டிசம்பரில் இருந்த சென்னைத் தூதரக நேர்காணல் மாதக்கணக்கில் தள்ளிப்போய், ஒருவழியாக எச்-1பி வேலை விசா குத்திய பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது, அடுத்த மாதம் டல்லாஸ் பக்கம் வேலையில் சேர வேண்டும் என்கிறீர்கள். விமான நிலையத்தில் போனை வாங்கிப் பார்ப்பார்களா, பழைய பதிவுகளை அழித்துவிடலாமா, அங்கே இப்போது நம்மை வெறுக்கிறார்களாமே, ஏஐ வந்து வேலையைப் பறித்துவிடுமா, வீடு எந்த ஏரியாவில் பார்ப்பது, கார் புதிதா பழையதா. கடைசி இரண்டையும் உங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். எனக்கு மற்றவைதான் முக்கியம்.

போனுக்கு இவ்வளவு பயம் வேண்டாம். பார்க்க எல்லை அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு, வாரண்ட் தேவையில்லை. அமெரிக்கக் குடிமகன் மறுத்தால் போனை எடுத்து வைத்துக்கொண்டு ஆளை விட்டாக வேண்டும். விசாவில் வருபவர் மறுத்தால் ஆளையே திருப்பி அனுப்பலாம். ஆனால் 2024 நிதியாண்டில் உள்ளே வந்தவர்கள் கணக்கு 42 கோடி. அதில் கருவியைத் திறந்து பார்த்தது சுமார் 47,000 முறை. ஏறக்குறைய பத்தாயிரம் பேருக்கு ஒருவர்.

பதிவுகளை அழிக்காதீர்கள். சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைக்கச் சொல்லும் விதி 2025 ஜூனில் மாணவர்களுக்கு வந்தது, டிசம்பர் 15 முதல் எச்-1பிக்கும், அவர்கள் குடும்பத்தினருக்கான எச்-4க்கும் வந்தது. உங்கள் நேர்காணல் தள்ளிப்போனதே அதனால்தான். விண்ணப்பத்தில் ஐந்து வருடக் கணக்குப் பெயர்களை எழுதிக் கொடுத்திருப்பீர்கள். எழுதிக் கொடுத்ததை இப்போது காணாமல் அடித்தால் அதுதான் கண்ணில் உறுத்தும். எந்த நடிகர் பெரியவர் என்று நீங்கள் போட்ட சண்டை எந்த அதிகாரிக்கும் வேண்டாம்.

இனிமேல் எழுதப்போவதில் கவனம் வையுங்கள். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு மாணவி, மாணவர் பத்திரிகையில் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியவர். 2025 மார்ச்சில் அவரை முகமூடி போட்ட அதிகாரிகள் தெருவில் வைத்துப் பிடித்து லூசியானாவுக்குக் கொண்டுபோனார்கள். நீதிமன்றம் அவரை விடுவித்தது, உண்மை. விடுவிக்க ஆறு வாரம் ஆனது. அதே வருடம் அக்டோபரில், டிரம்ப் ஆதரவு வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கிர்க்கின் கொலையைப் பற்றி ஏதோ எழுதினார்கள் என்று ஆறு வெளிநாட்டவரின் விசாவை ரத்து செய்தார்கள். இந்த நாட்டில் பேச்சுரிமை இருக்கிறது. அதை நிலைநாட்டுவதற்கு வக்கீல் வேண்டும், பணம் வேண்டும், உள்ளே உட்காரப் பொறுமை வேண்டும். முதல் வருடத்தில் மூன்றும் உங்களிடம் இருக்காது.

சரி, தலைப்பில் சொன்ன விஷயம். இறங்கிய அன்றே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால், எல்லைக் காவல் துறையின் தளத்தில் உங்கள் ஐ-94ஐ, அதாவது எந்தத் தேதிவரை தங்கலாம் என்று காட்டும் வருகைப் பதிவை, எடுத்துப் பாருங்கள். விசாவில் அச்சடித்த தேதி வேறு, நீங்கள் தங்கலாம் என்ற தேதி வேறு. பாஸ்போர்ட் முன்னதாகக் காலாவதியாகும் என்றால் அதிகாரி அந்தத் தேதியோடு ஐ-94ஐ நிறுத்திவிடுவார், உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். என்னோடு வேலை பார்த்த ஒருவர் இப்படி மாட்டினார். கையில் இருந்த அனுமதிக் கடிதத்தில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி, ஐ-94 முடிந்து ஐந்து மாதம். வரி கட்டிக்கொண்டு, பிள்ளைகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கெல்லாம் முதல் ஆளாகப் போய்க்கொண்டு, அந்த மனுஷன் ஐந்து மாதம் சட்டப்படி இல்லாத ஆளாக இருந்திருக்கிறார். 180 நாளைத் தாண்டியிருந்தால் நாட்டை விட்டு வெளியே போனதும் மூன்று வருடம் திரும்பி வரத் தடை. வக்கீல் கட்டணம் ஒரு சின்னக் கல்யாணச் செலவு.

அந்த ஐ-94ஐ அச்செடுத்துப் பையில் வையுங்கள். 18 வயதைத் தாண்டிய வெளிநாட்டவர் பதிவு ஆதாரத்தைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது பழைய சட்டம்தான், தூசி படிந்து கிடந்தது. 2025 ஏப்ரலில் தூசி தட்டி எடுத்துவிட்டார்கள். வீடு மாறினால் பத்து நாளுக்குள் முகவரி மாற்றத்தைக் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இதை நம் ஆட்களில் பாதிப் பேர் செய்வதில்லை.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என் சொந்தக் கதை. நான் வந்தது 2001 பிப்ரவரி. நாஸ்டாக் பங்குச்சந்தை சரிய ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. என்னைக் கூட்டிவந்த கன்சல்டன்சி நியூஜெர்சி எடிசனில் இரண்டு படுக்கையறை வீட்டில் ஒன்பது பேரை அடைத்து, அதற்கு கெஸ்ட் ஹவுஸ் என்று பெயர் வைத்திருந்தது. நான்கு மாதம் பெஞ்ச், அதாவது வேலை ஒதுக்காமல் உட்காரவைப்பது. ‘வேலை கிடைத்தால்தான் சம்பளம், எல்லா இடத்திலும் இதுதான் நடைமுறை’ என்றார்கள். வீட்டில் இருந்த ஒன்பது பேரும் அதையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். ஓக் ட்ரீ ரோட்டில் அரிசி வாங்கிக்கொண்டு பனியில் நடந்து வருவோம். நடைபாதை பல இடங்களில் கிடையாது, காரில் போகிறவர்கள் எங்களை விநோதமாகப் பார்ப்பார்கள். வேலை ஒதுக்காமல் உட்காரவைத்தாலும் எச்-1பி ஆளுக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1998இலேயே சட்டம் வந்துவிட்டது. அது எனக்குத் தெரிந்தது 2007இல். நான்கு மாதச் சம்பளம் போனது போனதுதான்.

அப்போது கெஸ்ட் ஹவுஸ் சொன்னதை நம்பினோம். இப்போது வாட்ஸ்அப் சொல்வதை நம்புகிறார்கள், அதைவிட மோசமாக ஏஐ சொல்வதை நம்புகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்பினால் வரி என்று போன வருடம் ஒரு செய்தி சுற்றியது. மசோதாவில் முதலில் 5 விழுக்காடு, அப்புறம் 3.5, கடைசியில் 1. அதுவும் ரொக்கம், மணி ஆர்டர் போன்றவற்றால் அனுப்பினால் மட்டும். வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் ஒன்றும் கிடையாது. எங்கள் குழுவில் இன்னமும் அந்த 5 விழுக்காடு உயிரோடு உலாவுகிறது.

ஏஐ வேலையைப் பறிக்குமா என்றால், என் வேலையை மூன்று முறை பறித்துவிட்டது, நான்தான் வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன். கையால் சோதனை செய்கிறவனாக வந்தேன், சோதனையை நிரலாக எழுதுகிறவனானேன், இப்போது ஏஐ எழுதித் தள்ளும் நிரலில் எங்கே பொய் இருக்கிறது என்று தேடுகிறேன். இந்த வேலைக்கு வயதானவன்தான் லாயக்கு, எதையும் நம்பமாட்டான். ஆனால் லேஆஃப் எந்தக் காரணத்தால் வந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது 60 நாள், அல்லது ஐ-94 முடியும் நாள், எது முன்னால் வருகிறதோ அது. அக்கா பையன் ஒருவனுக்கு வேலை போனபோது சாட்பாட்டிடம் கேட்டிருக்கிறான். நிறுவனம் கொடுக்கும் இழப்பீட்டுத் தொகை தீரும்வரை 60 நாள் ஓடத் தொடங்காது என்று அது அடித்துச் சொன்னதாம். தப்பு. வேலையின் கடைசி நாளுக்கு மறுநாளே எண்ணிக்கை ஆரம்பம். பதினாறு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டான். மீதி 44 நாளில் அவன் பட்ட பாட்டை நான் எழுதப்போவதில்லை. ஆறு மாதச் செலவைச் சேர்க்கும்வரை புதுக் கார் வேண்டாம் (கார் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது பாருங்கள்).

இனி வெறுப்பு. எப்படிச் சொல்வது. 2024 டிசம்பரில் சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனை வெள்ளை மாளிகையில் ஏஐ கொள்கை ஆலோசகராக அறிவித்தார்கள், அன்று இணையத்தில் கொட்டிய வசவைப் படித்துவிட்டு என் மனைவி போனைக் கவிழ்த்து வைத்தாள். ஹூஸ்டன் பக்கத்து சுகர்லேண்டில் இருக்கும் 90 அடி அனுமார் சிலையைப் பற்றி செனட் வேட்பாளர் ஒருவரே மோசமாக எழுதினார். போன் திரையில் இருக்கும் அமெரிக்கா அது. என் பக்கத்து வீட்டில் இருக்கும் அமெரிக்கா ஒரு கிழவர், மூன்று தேர்தலிலும் வாசலில் டிரம்ப் பலகை நட்டவர். 2021 பிப்ரவரியில் டெக்சஸில் பல இடங்களில் கரண்ட் போய்க் குழாய்கள் உறைந்து வெடித்தபோது, விடியற்காலையில் வந்து என் வீட்டுத் தண்ணீர் வால்வை அடைத்துவிட்டு, விறகும் கொடுத்துவிட்டுப் போனார். குடியேறிகளைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘உன்னைச் சொல்லவில்லை, நீ முறைப்படி வந்தவன்’ என்பார். அந்த வாக்கியத்தைக் கேட்டு ரொம்ப நாள் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அதே வாக்கியத்தை நம் ஆட்கள் சொல்லும்போதுதான் வயிற்றைப் பிசைகிறது. அன்ரிசர்வ்டு பெட்டியில் முண்டியடித்து ஏறியதும் கதவில் முதுகைச் சாய்த்துக்கொள்கிற ஜாதி. 2025 பிப்ரவரியில் 104 இந்தியர்களைக் கையிலும் காலிலும் விலங்கு போட்டு ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் இறக்கினார்கள். அந்த வாரம் ஒரு வீட்டு விருந்தில், ‘திருட்டுத்தனமாக வந்தால் இப்படித்தான்’ என்று ஒருவர் தயிர்சாதம் பிசைந்துகொண்டே சொன்னார். செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை சாயங்காலம், எச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் என்று அறிவிப்பு வந்தது, ஞாயிறு முதல் அமல். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கும் உண்டா என்று யாருக்கும் தெரியவில்லை. பெரிய நிறுவனங்கள் ‘உடனே திரும்பி வா’ என்று மின்னஞ்சல் அனுப்பின, சான்பிரான்சிஸ்கோவில் ஏறி உட்கார்ந்த விமானத்திலிருந்து மக்கள் இறங்கி ஓடினார்கள். தயிர்சாதக்காரரின் மைத்துனர் சென்னையில் தங்கை வளைகாப்புக்குப் போயிருந்தார். வாசலில் பந்தல் கட்டிக்கொண்டிருக்கும்போதே கிளம்பி, மூன்று மடங்கு விலையில் டிக்கெட் எடுத்து ஓடிவந்தார். வந்து சேர்வதற்குள் ‘புது மனுக்களுக்கு மட்டும்தான்’ என்று விளக்கம் வந்துவிட்டது. அவரும் முறைப்படி வந்தவர்தான்.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. 2019 செப்டம்பரில் ஹூஸ்டன் ஸ்டேடியத்தில் பிரதமரும் அதிபரும் கைகோத்து நடந்தபோது, நாலு மணி நேரம் கார் ஓட்டிப் போய், அந்த 50,000 பேரில் நானும் நின்று கத்தினேன். இனி நம் காட்டில் மழை என்று நினைத்தோம். 2025 ஆகஸ்டில் அதே அதிபர் இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது, திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் மச்சான் போன் செய்து, ‘மாப்ளே, நீங்க கை தட்டின ஆளா இது’ என்று கேட்டார். கூட்டத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. படம் எடுத்துப் போடாதீர்கள்.

எடிசன் கெஸ்ட் ஹவுஸில் எங்களோடு லூதியானாக்காரர் ஒருவர் இருந்தார், சர்தார்ஜி. 2001 செப்டம்பர் 11 முடிந்து நான்காவது நாள் அரிசோனா மேசாவில் பெட்ரோல் பங்க் வைத்திருந்த சீக்கியர் ஒருவரைத் தலைப்பாகையைப் பார்த்துச் சுட்டுக் கொன்றார்கள். செய்தி பார்த்துவிட்டு நாங்கள் எட்டுப் பேரும் சர்தார்ஜிக்கு யோசனை சொன்னோம்: கொஞ்ச நாள் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் தலைப்பாகையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, எங்கள் எட்டுப் பேருக்கும் சேர்த்து அமெரிக்கக் கொடி வாங்கப் போனார். மூன்று கடையில் தீர்ந்துபோய், நான்காவது கடையில் ஒன்றே ஒன்று கிடைத்ததாம். அதை ஜன்னலில் ஒட்டினோம், யாரும் எங்களை ஒன்றும் செய்யவில்லை. கொடியாலா, ஏற்கெனவே நல்ல தெரு என்பதாலா, இன்றுவரை தெரியாது. கிரீன் கார்டுக்குப் பதினொரு வருடம் காத்திருந்து, அப்புறம் குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்று அவருக்கு போன் செய்தேன், எண் மாறிவிட்டது.

ஏரியா கேட்டீர்கள், அலுவலகத்துக்கு அரை மணியில் போகிற எதுவும் சரி. காருக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ‘காம்ப்ரிஹென்சிவ்’ சேர்த்து எடுங்கள். நீங்கள் வருகிற சமயம் டல்லாஸில் ஆலங்கட்டி விழும் பருவம், அந்தப் பிரிவு இல்லாவிட்டால் ஒரு பைசா தரமாட்டார்கள். அதைச் சேர்க்காமல் விட்ட என் பழைய காரின் கூரையில் பதினேழு குழி இருக்கிறது.