குரோன்ஸ் நோய்க்கு உணவே மருந்தா? – கடிதம்

அன்புள்ள சார்,

என் அக்கா மகனுக்கு 14 வயது. போன வருடம் குரோன்ஸ் நோய், அதாவது குடலில் நாள்பட்ட அழற்சி என்று சொன்னார்கள். மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது. இஸ்ரேல் டாக்டர் ஒருவர் சாப்பாட்டாலேயே இதைக் குணமாக்குகிறார் என்று எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. கோழி, முட்டை, உருளை, வாழை, ஆப்பிள், இவ்வளவுதானாம். மாத்திரையை நிறுத்திவிட்டு இதைத் தொடங்கலாமா என்கிறாள் அக்கா. பழைய சோறும் நல்லதாமே?

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

மாத்திரையை நிறுத்த வேண்டாம். இதை முதலில் அக்காவிடம் சொல்லிவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

அந்த டாக்டர் ஆரி லெவின். ஹோலோன் நகரின் வுல்ஃப்சன் மருத்துவ மையத்தில் குழந்தைகளின் குடல்நோய்களை ஆராய்ந்தவர். உங்களுக்கு வந்த ஐந்து உணவும் அவர் பட்டியலில் உள்ளவைதான், ‘இவ்வளவுதான்’ என்பது மட்டும் சரியில்லை. ஆனால் அவர் எந்தக் கேள்வியிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தார் என்பது செய்தியில் இல்லை.

குரோன்ஸ் உள்ள குழந்தைகளுக்கு ஒரு பழைய சிகிச்சை உண்டு. ஆறு முதல் எட்டு வாரம் வழக்கமான சாப்பாடு கிடையாது, சாப்பாட்டுக்குப் பதில் ஊட்டச்சத்து மாவைக் கரைத்த பானம் மட்டும்தான். ஸ்டீராய்டு வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதால் ஐரோப்பாவில் குழந்தைகளுக்கு இதைத்தான் முதலில் கொடுக்கச் சொல்கிறார்கள். பலனும் உண்டு. ஆனால் அடுப்படியில் ரசம் தாளிக்கும்போது அந்த வயதுப் பையன் எத்தனை நாள் டம்ளர் பானத்தோடு உட்கார்ந்திருப்பான்? குடிக்க முடியாத பிள்ளைகளுக்கு மூக்கு வழியாகக் குழாய் போடுவதும் உண்டு.

இந்தப் பானம் எதனால் வேலை செய்கிறது? அதில் இருக்கும் ஏதோ ஒன்றாலா, அதைக் குடிக்கும் நாட்களில் வாய்க்குள் போகாத ஏதோ ஒன்றாலா? 2006-இல் பிரிட்டனில் 50 குழந்தைகளிடம் செய்த சோதனை வெளிவந்தது. பானம் மட்டும் குடித்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. பாதி பானமும் மீதி வழக்கமான சாப்பாடும் என்று இருந்தவர்களில் 15 சதவீதம்தான். அதாவது, சாப்பாடு உள்ளே வந்ததும் பானத்தின் பலன் பெரும்பாலும் போய்விட்டது. அப்படியானால் எந்தச் சாப்பாடு? லெவின் பிடித்துக்கொண்டது இந்தக் கேள்வியைத்தான்.

கோதுமை, பால், பதப்படுத்திய இறைச்சி, எமல்சிஃபையர் (எண்ணெயும் நீரும் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்) கலந்த பாக்கெட் உணவு எல்லாவற்றையும் விலக்கி ஒரு பட்டியல் போட்டார். முதல் ஆறு வாரம் பாதி பட்டியல், பாதி பானம். அடுத்த ஆறு வாரம் பானம் கால் பங்கு, உணவு கொஞ்சம் தாராளம். 2019-இல் வந்த முடிவில் 74 குழந்தைகளின் கணக்கு இருக்கிறது. ஆறாம் வாரத்தில் பட்டியல்காரர்களில் 75 சதவீதம் பேருக்கும், பானம் மட்டும் குடித்தவர்களில் 59 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. புள்ளியியல்படி இதைப் பெரிய வித்தியாசமாகக் கொள்ள முடியாது. அதன்பின் பானக்காரர்கள் கால் பங்கு பானத்தோடு வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினார்கள். பன்னிரண்டாம் வாரத்தில், ஸ்டீராய்டு இல்லாமல் நோய் அடங்கியிருந்தவர்கள் பட்டியல் குழுவில் 76 சதவீதம், பானக் குழுவில் 45. என்னைக் கேட்டால், அந்த ஆய்வின் உயிர் இந்த இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது.

ஆனால் லெவின் ஒப்பிட்டது பானத்தோடு. மாத்திரையோடு மோதவிட்டுப் பார்க்கவில்லை. சேர்த்துக்கொண்டதும் லேசான, நடுத்தர நிலை நோயாளிகளை மட்டும். செலவுக்குப் பணம் கொடுத்தது நெஸ்லே, அந்தப் பானத்தை விற்கும் நிறுவனம். ஆய்வு பொய் என்று இதற்கு அர்த்தமில்லை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

‘உணவே மருந்து’ என்று ஃபார்வர்டு செய்பவர்கள் பட்டியலை முழுதாகப் படித்தால் கொஞ்சம் திகைப்பார்கள். வெள்ளை அரிசிக்கு அனுமதி, கோதுமைச் சப்பாத்திக்குத் தடை. வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று நாம் நீட்டும் மோருக்கும் தடைதான், அது பாலிலிருந்து வருவதால்.

பழைய சோறு விஷயம். பட்டியலில் உருளையை வேகவைத்து, ஆறவைத்துத்தான் தர வேண்டும். ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காத வகையாக மாறி, பெருங்குடல் பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது. ஆறிய சோற்றிலும் இது நடக்கும். செரிக்காத மாவுச்சத்தை உப்புக்கரைசலில் கலந்து, காலரா நோயாளிகளின் பேதியைக் குறைத்துக் காட்டியது வேலூர் சி.எம்.சி.யின் பி.எஸ். ராமகிருஷ்ணா குழு, 2000-இல். அது மக்காச்சோள மாவு, நோயும் வேறு. லெவினின் சோதனையில் பழைய சோறு இல்லை.

அக்கா இந்தப் பட்டியலை டாக்டரிடமே நேராகக் காட்டட்டும். குழந்தைகளுக்கான உணவியல் நிபுணர் கூட இல்லாமல் தொடங்க வேண்டாம், வளரும் பையன் எடை இழந்துவிடுவான். தொடங்கினால், மலத்தில் கால்ப்ரோடெக்டின் என்ற, குடல் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் புரதத்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். வலி நின்றாலும் உள்ளே புண் இருக்கக்கூடும். வீட்டில் சைவமென்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கோழி மார்புக்கறி அந்தப் பட்டியலில் கட்டாயம்.