கிட்டார் வாசிப்பவர் லூட் இசைக்குள் நுழையக் கலப்புக் கருவி உதவுமா?

ஐரோப்பாவின் பழைய தந்திக் கருவியான லூட்டின் குடமும் கிட்டாரின் ஆறு ஒற்றைத் தந்திகளும் சேர்ந்த கருவியை முதலில் வாங்கலாமா, நேராக லூட்டுக்கே போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகள் கிட்டார் வாசித்து, அந்தக் கலப்புக் கருவியில் 3 ஆண்டுகள் பழகி, அதன்பின் லூட்டுக்கு வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நேராக லூட்டுக்கே போங்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியில் காடு மேடெல்லாம் நடந்து பாடிய இளைஞர் இயக்கத்தினரிடையே அந்தக் கருவி பரவியது. பாட்டுக்குப் பக்கத்துணையாக இருப்பதற்கு அது மிகவும் பொருத்தமானது. ஆனால் பழைய ஆங்கில லூட் இசையமைப்பாளர் ஜான் டௌலண்டின் இசை எதிர்பார்ப்பவை வேறு: இணை இணையாகக் கட்டிய தந்திகள், தண்டியைச் சுற்றிக் கட்டிய நகர்த்தக்கூடிய நரம்பு மெட்டுகள் (சுர இடங்களைக் குறிக்கும் குறுக்குக் கட்டுகள்), மெல்லிய மரக்கீற்றுகளால் ஆன எடை குறைந்த குடம், நகம் படாத விரல்நுனி. இவற்றுள் முதல் இரண்டும் என் கருவியில் இல்லை. அதனால் அந்த 3 ஆண்டுகளில் என் வலக்கை புதிதாக எதையும் கற்கவில்லை.

இதனால் கலப்புக் கருவிகளை நான் தாழ்த்துவதாக நினைக்க வேண்டாம். நாம் பழைமையின் அடையாளமாகப் போற்றும் தியோர்போ என்ற நீண்ட தண்டி லூட்டே அப்படிப் பிறந்ததுதான். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில், தனிக்குரல் பாட்டுக்கு ஆழமான துணை வேண்டுமென்று லூட்டைப் பெரிதாக்கி, தண்டியை நீட்டி, ஆழ்ந்த கீழ்ச்சுருதித் தந்திகளைச் சேர்த்தார்கள். நீண்டுவிட்ட நரம்பை உச்சச் சுருதிக்கு முறுக்கினால் அறுந்துவிடும் என்பதால், முதல் இரண்டு தந்திகளை ஒரு ஸ்தாயி கீழே இறக்கினார்கள். அந்தச் சமரசத்திலிருந்து புதிய அழகொன்று கிடைத்தது: அடுத்தடுத்த சுரங்களை வெவ்வேறு தந்திகளில் மீட்டும்போது ஒன்றன் அதிர்வு அடங்குமுன் மற்றொன்று எழுந்து, சிறு மணிகள் கலந்தொலிப்பதுபோல் கேட்கிறது. இசையமைப்பாளர் காப்ஸ்பெர்கர் 1604இல் வெளியிட்ட தியோர்போ இசையை இன்று லூட் கலைஞர் ரோல்ஃப் லிஸ்லெவாண்ட் வாசிக்கக் கேட்டால் இது உடனே விளங்கும்.

நம் காலத்துச் சான்றும் உண்டு. கிட்டார் கலைஞர் பால் கால்பிரெய்த்துக்காகக் கருவி செய்யும் கைவினைஞர் டேவிட் ரூபியோ 1990களில் செய்த 8 தந்திக் கிட்டாரில், மேல்சுருதியில் ஒன்றும் கீழ்ச்சுருதியில் ஒன்றுமாக இரு தந்திகள் கூடின. பழைய ஆங்கிலக் கருவியான ஆர்ஃபாரியனைப் பின்பற்றிச் சாய்வாக வைத்த மெட்டுகள், கீழ்ச்சுருதித் தந்தியை நீளமாகவும் மேல்சுருதித் தந்தியைக் குட்டையாகவும் ஆக்கின. ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் பியானோ இசையை வாசிக்க வேண்டும் என்ற தெளிவான தேவை அதற்கு இருந்தது. உங்கள் தேவையோ லூட்டுக்கென்றே எழுதிய இசை.

செலவு செய்யுமுன், கையிலுள்ள கிட்டாரின் மூன்றாம் தந்தியை அரைச் சுரம் இறக்கி, மூன்றாம் மெட்டில் கேப்போவை (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) பொருத்துங்கள். மறுமலர்ச்சிக்கால லூட்டின் சுருதி வந்துவிடும். அதிலேயே எழுத்துகளால் குறித்த பழைய பிரெஞ்சு முறைக் குறியீட்டைப் படிக்கப் பழகலாம். பிறகு சுமார் 60 செ.மீ. தந்தி நீளமுள்ள லூட் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். சில லூட் சங்கங்கள் உறுப்பினர்களுக்கு அவ்வாறு தருகின்றன.

ஆங்கிலக் கிட்டார், லூட் கலைஞர் ஜூலியன் பிரீம் நகத்தால் மீட்டியே லூட் இசையை உலகெங்கும் கொண்டுசென்றார் என்பது உண்மை. அவர்மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு. இருந்தும், வலக்கை நகங்களை வெட்டிவிடுங்கள் என்றே சொல்வேன். முதல் சில வாரங்கள் ஒலி மெலிந்துதான் கேட்கும். இணைத்தந்திகள் இரண்டையும் விரல்நுனிச் சதை ஒருசேரத் தொடப் பழகிய நாளில்தான், 3 ஆண்டுகளாக நான் தேடிய ஒலி எனக்குக் கிடைத்தது.