வேலைத்திறன் போதவில்லை என்று சொல்லி என்னை நீக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் வேலையின்மை உதவித்தொகை எனக்குக் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்கும். கிடைக்காது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அவர் உங்கள் நிறுவனத்தின் எச்ஆர் (மனிதவள) அதிகாரியாகத்தான் இருப்பார் என்று ஊகிக்கிறேன். எனக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது. நான் வழக்கறிஞன் அல்லன். மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும் என்பதை நினைவூட்டப் பின்னூட்டத்துக்கு வருபவர்கள், அதை நானே இங்கு சொல்லிவிட்டேன் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

முயன்றும் வேலையைச் சரியாகச் செய்ய இயலாமல் போவதையும், தெரிந்தே விதியை மீறுவதையும் சட்டம் பொதுவாக ஒன்றாகப் பார்ப்பதில்லை. இரண்டாவதைத்தான் தவறான நடத்தை என்று கருதித் தொகையை மறுப்பார்கள். அதை நிரூபிக்க வேண்டியதும் நிறுவனமே. தாமாக ராஜினாமா செய்தவருக்கோ நிலைமை தலைகீழ்: விலகத் தக்க காரணம் இருந்தது என்று அவரே நிரூபிக்க வேண்டும்.

என்னை நீக்கிய அன்று ஒரு ராஜினாமாக் கடிதத்தைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார்கள். கையெழுத்திட்டால் அடுத்த வேலைக்கு நல்லது என்று பரிவோடு சொன்னார்கள். மறுத்துவிட்டு, நீக்கத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்டேன். "பணித்திறன் எதிர்பார்த்த அளவில் இல்லை" என்று கொடுத்தார்கள். படிக்கக் கசப்பாக இருந்தாலும் பிறகு என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான். நான் விண்ணப்பித்ததும் அதே நிறுவனம், மேலாளரின் உத்தரவுகளை நான் பலமுறை வேண்டுமென்றே புறக்கணித்ததாக மாநில அலுவலகத்துக்கு எழுதியது, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

மறுப்புக் கடிதத்திலேயே மேல்முறையீட்டுக்கான கடைசித் தேதி இருக்கும். கலிபோர்னியாவில் 30 நாட்கள், டெக்சாஸில் 14 நாட்கள் என்று அது மாறுபடும். நான் மேல்முறையீடு செய்தேன். விசாரணை தொலைபேசியில் நடந்தது. எந்த உத்தரவு, எந்தத் தேதி, எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை உண்டா என்று விசாரணை அதிகாரி கேட்க, மேலாளர் சொன்னதைத்தான் தாம் சொல்வதாக எச்ஆர் பெண்மணி பதிலளித்தார். அந்த மேலாளரோ இணைப்பிலேயே இல்லை. நான் முன்கூட்டியே அனுப்பியிருந்த நீக்கக் கடிதத்தை அதிகாரி வாசித்துவிட்டு, இதில் நடத்தையைப் பற்றி ஏன் ஒரு சொல்லும் இல்லை என்று கேட்டபோது எதிர்முனையில் பதில் வரவில்லை. தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. மறுக்கப்பட்டிருந்த காலத்திலும், வேலை தேடுகிறேன், வேலைக்குத் தயாராக இருக்கிறேன் என்று வாரந்தோறும் சான்றளித்து வந்ததால் நிலுவை முழுவதும் சேர்ந்து கிடைத்தது. மேல்முறையீடு செய்தோமே போதும் என்று சான்றளிப்பதை நிறுத்துபவர்கள் வென்றாலும் அந்த வாரங்களை இழக்க நேரிடும்.

ஏமாற்ற வழி சொல்லிக்கொடுக்கிறேன் என்று யாராவது எழுதுவார்கள். கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்வது ஏமாற்று ஆகாது. அதைவிட, அரசாங்கத்திடம் கை நீட்டுகிறாயே என்று கேட்ட நம்மவர்கள் மீதுதான் எனக்கு இன்னும் ஆற்றாமை. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து வளர்ந்த காப்பீடு இது. இதற்கான வரியைப் பெரும்பாலான மாநிலங்களில் நிறுவனமே செலுத்துகிறது. அலாஸ்கா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா ஆகிய மூன்றில் ஊழியரும் பங்களிக்கிறார். இதைப் பெறுவதால் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் அரசைச் சார்ந்து வாழ்பவர் என்ற முத்திரையும் விழாது.

தகுதிக்கான ஊதியத்தைப் பொதுவாகக் கடைசியாக முடிந்த ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கைக் கொண்டு கணக்கிடுவார்கள். தொகை பெரிதாக இருக்காது: கலிபோர்னியாவில் வாரத்துக்கு அதிகபட்சம் 450 டாலர், புளோரிடாவில் 275. பல மாநிலங்களில் 26 வாரங்கள் வரை கிடைக்கும். புளோரிடாவில் அது 12 வாரங்களாகவும் சுருங்கலாம். இதற்குக் கூட்டாட்சி வருமான வரி உண்டு என்பதால் 10 சதவீதப் பிடித்தத்துக்கு முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

நீங்கள் எச்-1பி விசாவில் இருந்தால் மட்டும் என் கதை உங்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. வேறு நிறுவனத்தில் உடனே சேரும் சட்டப்பூர்வ அனுமதி இல்லாததால், வேலைக்குத் தயாராக இருப்பவர் என்ற நிபந்தனையில் பல மாநிலங்கள் மறுத்துவிடும். வேலை போனபின் நாட்டில் தங்க அளிக்கப்படும் அதிகபட்சம் 60 நாள் சலுகைக் காலமும் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும். குடியேற்ற வழக்கறிஞரை முதலில் பாருங்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். வேலை போன நாளிலிருந்து அல்ல, விண்ணப்பித்த வாரத்திலிருந்துதான் பொதுவாகக் கணக்குத் தொடங்கும்.