சொத்து கேள்வி-பதில்: பட்டர்வொர்த்தில் கடைவீடு வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு 55 வயது. பிறை தொழிற்பேட்டையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஊழியர் சேமநிதியிலிருந்து 1 லட்சத்து 60 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) எடுத்து, மீதிக்கு வங்கிக் கடன் போட்டு, பட்டர்வொர்த் ஃபெரி முனையத்துக்குப் பக்கத்தில் ஓர் இரண்டு மாடிக் கடைவீடு வாங்க நினைக்கிறேன். விலை 7 லட்சம். கீழே கைப்பேசிக் கடை, மாதம் 2,300 வெள்ளி வாடகை. மேல்மாடி காலி. எல்.ஆர்.டி. (இலகு ரயில்) வந்தால் விலை இரண்டு மடங்காகும் என்கிறார் ஏஜெண்ட். வாங்கலாமா?
– வாசகர், பாகான் ஆஜாம்

பதில்: இந்த விலைக்கு வேண்டாம் ஐயா. ஊர் மேல் எனக்குக் குறை கிடையாது. வழக்கறிஞர் அலுவலகத்தில் நிலப் பத்திர வேலையிலேயே காலம் தள்ளியவள் நான்; பட்டர்வொர்த் தெருக்கள் எனக்கு மனப்பாடம். அந்த ஊர் வளர வேண்டும் என்று உங்களைப் போலவே நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் உங்கள் ஓய்வுக்காலப் பணம் அந்த ஆசையை நம்பிப் போகக் கூடாது.

முதலில் கணக்கு. ஆண்டு வாடகை 27,600. அதில் நிலவரி, மதிப்பீட்டு வரி, காப்புறுதி, கூரை ஒழுகல், ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி, இதெல்லாம் போக 22,000 கையில் நின்றால் நல்லது. 7 லட்சத்துக்கு அது 3 விழுக்காடு சொச்சம். அதே பணத்துக்குச் சேமநிதி 2023க்கு 5.50, 2024க்கு 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. 55 வயது ஆனதும் எடுத்துவிட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. விட்டுவைத்தால் ஈவு சேர்ந்துகொண்டுதான் இருக்கும்.

அப்புறம் கடன். உங்கள் 1 லட்சத்து 60 ஆயிரத்தில் 20,000 வாங்கும் நாள் செலவுக்குப் போனால், கடன் 5 லட்சத்து 60 ஆயிரம். அதை 4.5 விழுக்காட்டில் 15 ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை 4,280 வெள்ளிக்கு மேல் வரும். வாடகை போக மாதம் சுமார் 2,000 உங்கள் சட்டைப் பையிலிருந்து போகும். 60 வயதில் சம்பளம் நின்றுவிடும். தவணை 70 வரை நிற்காது. வாங்கும் அன்றே முத்திரை வரி 15,000, கடன் பத்திரத்துக்கு 2,800, வழக்கறிஞர் கட்டணம் தனி.

இனி ஏஜெண்ட் சொல்லும் எல்.ஆர்.டி. அது பொய்யில்லை. 2025 ஜனவரியில் வேலை தொடங்கிய முத்தியாரா எல்.ஆர்.டி. தடம் பினாங்குத் தீவிலிருந்து கடலைத் தாண்டி, பட்டர்வொர்த்தில் ரயில், பேருந்து, ஃபெரி சேரும் பினாங்கு சென்ட்ரல் வரை வருவதாகத் திட்டம். முடிப்பதற்கு 2031ஐக் குறிவைத்திருக்கிறார்கள். ஆனால் வழி திறந்தால் கூட்டம் எந்தப் பக்கம் போகும்? 1985இல் தீவுக்கு முதல் பாலம் திறந்தபோது கார்கள் ஃபெரி சாலையை விட்டுவிட்டுப் பாலத்தில் ஏறின. அந்தப் பக்கத்துக் கடைகளின் கலகலப்பும் கூடவே போனது. 2021 முதல் ஃபெரியில் கார் ஏற்றுவதே இல்லை. நாளைக்கு ரயில் வந்தால், பட்டர்வொர்த்துக்காரர்களே தீவுக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவது இன்னும் சுலபமாகிவிடும். இதை யாரும் யோசிப்பதில்லை.

பினாங்கு சென்ட்ரலில் ஒரு மாலை நின்று பாருங்கள். ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு கூரை போட்ட நடைபாதையிலேயே ஃபெரிக்கோ பேருந்துக்கோ போய்விடுகிறார்கள். தாகம் எடுத்தால் தண்ணீரும் கட்டடத்துக்குள்ளேயே கிடைக்கிறது. உங்கள் கைப்பேசிக் கடை இருக்கும் தெருவில் அவர்கள் கால் வைப்பதே இல்லை. கடந்து போகும் கூட்டத்தை வாடிக்கையாளர் கூட்டம் என்று எண்ணி விலை போடுகிறார்கள். எனக்கு அதுதான் கவலை. ராஜா ஊடா சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கடைகளில் உட்கார்ந்து சாப்பிடுவது பெரும்பாலும் சுற்றுவட்டாரக் குடும்பங்கள். நாளைக்கும் வருவார்கள், அடுத்த வாரமும் வருவார்கள். வாடகை அவர்கள் கையிலிருந்துதான் வருகிறது.

மேல்மாடிதான் இன்னொரு விஷயம். அந்த வரிசை முழுக்க ஒருமுறை நடங்கள். மாடிப்படி வாசலில் கடிதப் பெட்டியைப் பாருங்கள். பழுப்பேறிய பில்கள் பிதுங்கி நிற்கிறதா? மின்சார மீட்டர் ஓடுகிறதா, நின்றுகிடக்கிறதா? "வாடகைக்கு" என்ற பேனரில் தொலைபேசி எண் வெயிலில் வெளுத்துப் போயிருந்தால், எத்தனை காலமாக அது தொங்குகிறது என்று புரிந்துவிடும். பக்கத்து மாடிகளும் காலி என்றால் உங்கள் மாடிக்கும் ஆள் வராது.

இன்றைய வாடகைக்கு அந்தக் கடை 4 லட்சம் பெறும் என்பது என் கணக்கு. மிச்ச 3 லட்சம், இன்னும் வராத ரயிலுக்கு நீங்கள் முன்கூட்டியே கட்டும் டிக்கெட். விலை ஏறியதும் விற்றுவிடலாம் என்றால், முதல் 3 ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு சொத்து லாப வரி. 6ஆம் ஆண்டு முதல்தான் குடிமக்களுக்கு அது இல்லை. விலை இறங்கி வந்தால் மறுபடி எழுதுங்கள். எழுதும் முன் நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் எடுத்து, நிலம் சொந்தமா குத்தகையா, குத்தகை என்றால் எத்தனை ஆண்டு பாக்கி என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கடையின் வாடகைக்காரர் 5 மாதமாகப் பணம் தரவில்லை. பூட்டை மாற்றிவிடலாமா அம்மா?
– வாசகி, செபராங் ஜெயா

பதில்: கூடாதம்மா. 1950ஆம் ஆண்டு தனிநிலை நிவாரணச் சட்டப்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அவரை வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றினால் அவர் உங்கள் மேல் வழக்குப் போடுவார். உங்களுக்கும் வழி இருக்கிறது. 1951ஆம் ஆண்டு டிஸ்ட்ரெஸ் சட்டத்தின் கீழ் நீதிமன்ற ஆணை பெற்று, 12 மாதம் வரையிலான பாக்கிக்குக் கடைக்குள் இருக்கும் சரக்கைக் கைப்பற்றி ஏலம் விடலாம். அதனால்தான் தாமதம் கூடாது என்கிறேன். சரக்கு வெளியேறிவிட்டால் அந்த ஆணைக்கு மதிப்பில்லை. முத்திரை குத்திய ஒப்பந்தத்தோடு இந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: பத்து காவானில் கட்டப்போகும் கடைக்கு, முதல் 3 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 6 விழுக்காடு வாடகை உத்தரவாதம் தருகிறார்கள். நம்பலாமா?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: இரண்டாம் பாலம் 2014இல் திறந்த பிறகு பத்து காவான் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. இக்கியா 2019இல் அங்கே வந்தது. ஆனால் அந்த 6 விழுக்காட்டை மேம்பாட்டாளர் பெரும்பாலும் விலையிலேயே ஏற்றிவைத்திருப்பார். உங்கள் பணம்தான் உங்களுக்குத் திரும்பி வரும். 4ஆம் ஆண்டு என்ன வாடகை என்று கேளுங்கள். இன்னொன்று, 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் கடைகளுக்குப் பொருந்தாது. சாவி தாமதமானால் வீடு வாங்கியவர்போல் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்துக்குப் போக முடியாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அவ்வளவுதான். தாமத இழப்பீட்டுப் பிரிவு அதில் இல்லையென்றால், முன்பணம் கட்ட வேண்டாம்.