கோவிட் ஊரடங்குக் காலத்தில் வந்த கேள்வி: வீட்டில் பாட்டி இருக்கும்போது பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் வகுப்பறையின் ஜன்னல்களை நேரில் பார்த்த பிறகு.

ஊரடங்கு முழுதாக முடியவில்லை, மகள் இரண்டாம் வகுப்பு, வீட்டில் எழுபது வயதுப் பாட்டி என்கிறீர்கள். பிள்ளைக்குக் கோவிட் வருமோ, அவள் மூலம் பாட்டிக்குப் பரவுமோ என்ற இரண்டு பயங்கள் ஒன்றாகக் கலந்ததுதான் உங்கள் குழப்பம். சிறு பிள்ளைகளுக்குக் கோவிட் பெரும்பாலும் லேசாகவே வந்துபோகிறது. கவலைப்பட வேண்டியது பாட்டியைப் பற்றி.

டென்மார்க்கில் 2020 ஏப்ரல் 15-லேயே சின்ன வகுப்புகளைத் திறந்தார்கள். சிறு குழுக்கள், அடிக்கடி கைகழுவல், முடிந்தவரை வெளியில் பாடம், சமாளித்தார்கள். அடுத்த மாதம் இஸ்ரேலில் கடும் வெயில் என்று முகக்கவசத்தைத் தளர்த்தி, ஏசி போட்டு நெரிசலாக உட்கார வைத்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் 150 மாணவர்களுக்கு மேல் தொற்றியது.

அதனால் பள்ளிக்குப் போய் இவற்றைப் பாருங்கள்:

1. எதிரெதிர் ஜன்னல்கள் உண்மையிலேயே திறக்கின்றனவா? கையால் தள்ளிப் பாருங்கள். வாசலில் கிருமிநாசினி வைத்திருப்பது இதற்கு ஈடாகாது. இந்த நோய் முக்கியமாகக் காற்றில் பரவுகிறது.

2. சாப்பாடு எங்கே? எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றும் நேரம் அது.

பாட்டிக்குச் சர்க்கரையோ இதய நோயோ இருந்தால், அல்லது உங்கள் பகுதியில் தொற்று ஏறிக்கொண்டிருந்தால், இறங்கும்வரை பொறுங்கள். மருத்துவரிடமும் கேளுங்கள்.

ஆனால் காலவரையின்றி வீட்டிலேயே வைக்காதீர்கள். மாதக்கணக்கில் திரை முன் உட்கார்ந்த என் மகன், 'ழ' எழுதச் சொன்னால் பென்சிலை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்க்கிறான்.