முதலில் கொட்டகை, பிறகு கட்டடம்

கேள்வி: கிளாஸ்கோ நகரில் ஆற்றங்கரையில் கட்டியிருக்கும் போக்குவரத்து அருங்காட்சியகத்தின் படங்களைப் பார்த்து அசந்துபோனேன். டிராமும் மாடி பஸ்ஸும் ஓடிய சென்னைக்கு அப்படி ஒன்று வேண்டாமா? பெரிய கட்டடக் கலைஞர் ஒருவரை அழைத்து, கூவம் கரையிலோ கடற்கரை ஓரமோ இடம் ஒதுக்கினால் இரண்டே வருடத்தில் கட்டி முடித்துவிடலாமே! அரசுக்கு ஏன் இது தோன்றவில்லை?
– வாசகர், சைதாப்பேட்டை

பதில்: தோன்றாத வரை நல்லது. கட்டி முடித்துவிட்டு உள்ளே எதை வைப்பீர்கள்?

நீங்கள் பார்த்தது கட்டடக் கலைஞர் ஸஹா ஹதித் வடிவமைத்த ரிவர்சைடு மியூசியம். கெல்வின் ஆறு கிளைடு நதியில் கலக்கும் முனையில், முன்பு கப்பல் கட்டும் தளம் இருந்த இடத்தில் நிற்கிறது. திறந்தது 2011 ஜூன், செலவு 7 கோடியே 40 லட்சம் பவுண்டு. உங்களை அசத்தியது அந்த மடிப்பு மடிப்பான துத்தநாகக் கூரையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மியூசியத்தின் வயது அதைவிடப் பெரிது. 1962 செப்டம்பரில் கிளாஸ்கோவில் டிராம் நின்றது. நின்ற கையோடு சில வண்டிகளை எடுத்து வைத்தார்கள். 1964இல் பழைய டிராம் பணிமனையிலேயே காட்சிக்குத் திறந்தார்கள். 1980களின் பிற்பகுதியில் கெல்வின் ஹால் என்ற பொருட்காட்சி அரங்குக்குக் குடிபெயர்ந்தது. அதாவது நீங்கள் பார்த்த கட்டடம் அவர்களுடைய மூன்றாவது வீடு. முதலில் காட்சிக்குத் திறந்து 47 வருடம் கழித்துத்தான் பெரிய பெயருள்ள கட்டடக் கலைஞரின் கட்டடம் எழுந்தது.

நம் கணக்கைப் பாருங்கள். இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் சென்னையில் ஓடியது, 1895 மே மாதம். 1953 ஏப்ரலில் நின்றது. கடற்கரை – தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 1931இல் வந்தது, 2004இல் போனது. எண்ணூரில் 1967இல் தயாராகத் தொடங்கிய அசோக் லேலண்ட் டைட்டன் மாடி பஸ் இன்னொன்று. இவற்றில் உருப்படியாக, மூலப் பாகங்களோடு, நாளையே ஒரு மேடையில் ஏற்றி நிறுத்தக்கூடியவை எத்தனை என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டு அப்புறம் கட்டடக் கலைஞரைக் கூப்பிடுவோம். ரயில் பிரியர்களுக்குப் பெரம்பூர் ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) வளாகத்தில் ஒரு ரயில் அருங்காட்சியகமாவது இருக்கிறது. சாலையில் ஓடியவைதான் அநாதை.

இதில் அவசரமும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் அரசுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சொந்தமான 15 வருடம் தாண்டிய வண்டிகளின் பதிவு ரத்தாகி, அவை உடைப்புக்குப் போக வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. பழமை வாகனம் என்ற சலுகைக்கு 50 வருடம் ஆகியிருக்க வேண்டும், அதுவும் சொந்த உபயோகத்துக்கான வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. நடுவில் கிடக்கும் அந்த 35 வருடத்தில் ஒரு அரசு பஸ் பிழைக்க வழியே இல்லை. ஆனால் சாலையில் ஓட்டத்தான் பதிவு வேண்டும், காட்சிக்கு நிறுத்தி வைக்கத் தேவையில்லை. ஆகவே கட்டட நிதிக்கு முன்னால் வேண்டியது, ஏலப் பட்டியலிலிருந்து ஒவ்வொரு வகையிலும் ஒரு வண்டியை விலக்கி வைக்கும் ஓர் உத்தரவு. அடுத்தது அந்த வண்டிகளை மழை படாமல் நிறுத்த ஒரு கொட்டகை. தகரக் கூரை போதும். நீர் தேங்காத உயரமான தளம், சுற்றிலும் காற்றோட்டம், பூட்டு, ஒரு காவலர். லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம்கூட கோவென்ட் கார்டனில் காட்டுவது கொஞ்சம்தான். சேகரிப்பின் பெரும்பகுதி ஆக்டனில் உள்ள கிடங்கில் கிடக்கிறது.

எந்த வண்டியை எடுப்பது? பளபளப்பாக இருப்பதை எடுக்காதீர்கள். கடைசியாக பெயின்ட் அடித்து நாளாகி, இருக்கையும் கைப்பிடியும் வழித்தடப் பலகையும் அப்படியே இருக்கும் வண்டி நல்லது. வந்ததும் செய்யக்கூடாத முதல் வேலை, திறப்பு விழாவுக்காகச் சுரண்டிப் புது பெயின்ட் அடிப்பது. பக்கவாட்டுத் தகட்டில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தை நுண்ணிய உப்புத்தாளால், தண்ணீர் தொட்டுத் தொட்டு, நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் தேய்த்துப் பாருங்கள். மேலே இன்றைய நிறம், அதற்குள் முந்தைய நிறம், பிறகு சாம்பல் பிரைமர், கடைசியில் தகடு என்று மரத்தின் ஆண்டு வளையம்போல வட்டம் வட்டமாகத் தெரியும். அந்த வண்டி எந்தெந்தக் காலத்தில் என்ன நிறத்தில் ஓடியது என்பதற்கு அதைவிட நம்பகமான ஆவணம் கிடையாது. ஸ்ப்ரே கன்னோடு வரும் ஒப்பந்தக்காரர் அதை ஒரே மத்தியானத்தில் அழித்துவிடுவார். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், பிரேக் லைனிங்கிலும் நீராவி இன்ஜின் பாய்லரைச் சுற்றிய உறையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் உலர்வாகத் தேய்ப்பதும் காற்றடித்துத் தூசி தட்டுவதும் வேலை செய்பவர் நுரையீரலுக்கு ஆகாது.

பெட்ரோல் டேங்க்கை வடித்துவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைப்பார்கள். நிரம்பிய டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் பயங்கரம், உள்ளே ஆவி நிற்கும். கழற்றி, கழுவி, முழுக்க உலர்த்திய பிறகுதான் பக்கத்தில் வெல்டிங் வைக்கலாம். பேட்டரியைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். ரேடியேட்டர் தண்ணீரை வடிக்க வேண்டும்.

இனி நீங்கள் ஆசைப்பட்ட கட்டடம். கூட்டம் கூடும் அரங்கத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று கணக்குப் போடுவது வழக்கம். 12 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம் உள்ள காலி பஸ் 10 டன் என்று வையுங்கள். 30 சதுர மீட்டரில் வகுத்தால் 333 கிலோதான் வருகிறது, எல்லாம் சரி என்று வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பஸ் தரையில் படுத்துக்கொண்டா இருக்கிறது? இன்ஜின் பின்னால் உள்ள வண்டியில் பாதிக்கு மேற்பட்ட எடை பின் ஆக்ஸிலில். ஒரு பக்க இரட்டை டயர் தரையைத் தொடும் இடம் இரண்டு நோட்டுப் புத்தகம் அளவு, அதன் மேல் சுமார் மூன்று டன். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் டயர் தட்டையாகி வெடிப்பு விடும் என்பதால் ஆக்ஸிலுக்கு அடியில் இரும்புத் தாங்கி கொடுத்து, டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கவைப்பார்கள். அப்போது அந்த மூன்று டன்னும் தாங்கியின் அடித்தகட்டுக்கு இறங்குகிறது. பரப்பிக் கொடுக்கத் தடித்த தகடு போடாவிட்டால் டைல்ஸ் நொறுங்கும். மாடியில் பஸ் வைப்பதென்றால் எந்த வண்டி எந்த இடத்தில் என்று முதலிலேயே முடிவாகி, அதற்கு நேர் கீழே உத்தரம் வர வேண்டும். திறப்பு விழா முடிந்தபின் இடம் மாற்ற முடியாது.

ரயில் வண்டி இன்னும் பிடிவாதம். மீட்டர் கேஜ் ஒய்பி நீராவி இன்ஜின், கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் வண்டியோடு நூறு டன்னை ஒட்டி இருக்கும். தரைத்தளத்தில் மட்டும்தான், அதுவும் தண்டவாளத்துக்கென்று தனி அடித்தளத்தின் மேல். கிளாஸ்கோவின் சங்கடத்தைக் கேளுங்கள்: பிரிட்டனின் சாதாரண ரயில் பாதையின் அகலம் 1435 மில்லிமீட்டர், அவர்கள் டிராம் பாதை 1416, சுரங்க ரயில் 1219. 1945இல் அங்கே தயாராகித் தென்னாப்பிரிக்காவில் ஓடிய பெரிய நீராவி இன்ஜினைத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்களே, அதன் பாதை 1067. (1416 என்பது யாரோ தப்பாக அளந்த எண் அல்ல. ரயில் சரக்கு வண்டிகள் தங்கள் சக்கர விளிம்பாலேயே டிராம் தண்டவாளப் பள்ளத்தில் உருண்டு கப்பல் தளத்துக்குப் போகவேண்டும் என்று வேண்டுமென்றே குறைத்தது.) நமக்கும் 1676, 1000, மெட்ரோவின் 1435 என்று மூன்று. கான்கிரீட் போடும் முன்பே இவற்றைத் தரையோடு பதித்து, கட்டடத்துக்கு வெளியே டிரெய்லர் வந்து நிற்கும் இடம் வரை நீட்ட வேண்டும். சக்கர விளிம்புக்கான பள்ளத்தில் சக்கர நாற்காலியின் சக்கரம் மாட்டும், ஆகவே அதற்கு ரப்பர் பட்டை.

வாசல்தான் எல்லோரும் கோட்டைவிடும் இடம். இங்கே மாடி பஸ்ஸுக்கு அனுமதித்த உயரம் 4.75 மீட்டர். லோ பெட் (தாழ்ந்த தளமுள்ள) டிரெய்லர் மேல் ஏற்றினால் இன்னும் ஒரு மீட்டர் கூடும். 6 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம் இல்லாத வாசலை வாசல் என்று சொல்லாதீர்கள். அதற்கு எதிரே டிரெய்லர் நேராக வந்து பின்வாங்க 25 மீட்டராவது காலி இடம் வேண்டும். அலங்கார நீரூற்று அங்கேதான் வரும், நான் பந்தயம் கட்டத் தயார். மிகப் பெரிய வண்டிகளை உள்ளே வைத்துவிட்டுக் கடைசிச் சுவரை எழுப்புவதும் உண்டு. அப்படிச் செய்தால் வேலை முடியும் வரை சிமென்ட் தூசி படாமல் வண்டியைப் பொதிந்து வைக்கும் செலவையும் மதிப்பீட்டில் சேருங்கள்.

கடற்கரை ஓரம் என்றீர்கள். ஈரப்பதம் 60, 65 சதவீதத்தைத் தாண்டினால் வெறும் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். உப்பு படிந்த இரும்பு அதற்கும் கீழேயே பிடிக்கும். ஏசி போட்டு 40க்கு இறக்கினால் தேக்குச் சட்டம் சுருங்கி மூட்டு விடும், மேலிருக்கும் பெயின்ட் பொரியும். 50, 55இல் நிலையாக நிற்பதுதான் இரண்டுக்கும் நடுவழி. நிலையாக என்ற சொல்லில்தான் நம் ஊர் சறுக்கும். ஐந்தரை மணிக்கு அலுவலகம் மூடும்போது ஏசியையும் அணைத்துவிட்டு, காலையில் கதவை விரியத் திறந்தால் குளிர்ந்த தகட்டின் மேல் வெளிக்காற்று வியர்த்துக் கொட்டும். தினமும் இப்படி நடந்தால் ஏசி இல்லாத கொட்டகையே மேல். பணம் குறைவென்றால் வண்டிக் கூடத்துக்குக் காற்றோட்டமும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் போதும். இராப்பகலாக ஓடும் ஏசியைச் சீருடை, டிக்கெட், வரைபடம் உள்ள சிறு அறைக்கு மட்டும் கொடுங்கள். அங்கே வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வேண்டாம்.

கூவம் கரைக்கு 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைவுபடுத்தினால் போதும் என்று நினைக்கிறேன். கிடங்கைத் தரைக்கு அடியில் வைக்காதீர்கள்.

காகிதத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய வண்ணக் காகித டிக்கெட் இருட்டில் வைத்தால் பல பத்தாண்டு தாங்கும். இப்போது கையடக்க மெஷினில் வரும் டிக்கெட் வெப்பத்தாள், சில வருடத்திலேயே வெளுத்து வெற்றுத்தாள் ஆகிவிடும். பிவிசி உறையில் போட்டால் இன்னும் சீக்கிரம். கிடைத்த அன்றே ஸ்கேன் செய்வதைத் தவிர வழியில்லை. டிரிப் ஷீட், டூட்டி பட்டியல், பஸ் பாடி வரைபடம் எல்லாம் பணிமனைகளில் பழைய பேப்பர் விலைக்குப் போகும்போது கூடவே போய்விடுகின்றன.

கிளாஸ்கோவிலும் எல்லாம் ஒழுங்கில்லை. கார்களைச் சுவரில் தட்டுத் தட்டாக, தலைக்கு மேல் உயரத்தில் வைத்தார்கள். கீழே நிற்பவருக்குச் சக்கரமும் அடிப்பாகமும் தெரியும், உள்ளிருக்கும் டாஷ்போர்டு தெரியாது. திறந்த காலத்திலேயே அதற்குக் குறை சொன்னார்கள், என் கட்சியும் அதுவே. தூண் இல்லாத கூடத்தில் தரைக்கு இடம் போதவில்லை என்றால், வண்டியைச் சுவரில் ஏற்றுவதைவிடக் கிடங்கில் வைத்துச் சுழற்சியில் காட்டலாம். 2013இல் ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியகம் என்ற விருதும் அந்த மியூசியத்துக்கே கிடைத்தது, மறுக்கவில்லை. நுழைவுக் கட்டணமும் கிடையாது. ஆனால் அதை ஒவ்வொரு வருடமும் தாங்கும் நகரசபை ஒன்று பின்னால் இருக்கிறது.

இரண்டு வருடம் என்றீர்களே, அதில் சிமென்ட் வேலை முடியும். ஒரு பஸ்ஸின் பாடியை ஆவணப்படுத்தி, துரு நிறுத்தி, இருக்கை தைத்து நிறுத்தவே சில மாதம் பிடிக்கும். அந்த வேலை தெரிந்த பாடி பில்டர்களும் டின்கர்களும் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் மனு எழுதுவதானால் கட்டடம் கேட்டு எழுதாதீர்கள். ஏலத்திலிருந்து பத்து வண்டி, ஒரு கொட்டகை, ஓய்வு பெற்ற இரண்டு பாடி பில்டர்களுக்கு மூன்று வருடச் சம்பளம். இதைக் கேட்டு எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.